மூன்றாவது கிண்ணம்

"ரூம் ரெடியாகி ஒரு மாசம் ஆச்சு மேடம். பார்த்தவங்க எல்லாரும் நல்லாயிருக்குன்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

தணிகைவேலின் குரலில் மரியாதை இருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் முறைப்பும் இருந்தது.

ரஃபியா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் வந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை. சுவரோரம் கிடந்த கருங்கல் மேசைமேல் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகைவேலும் பார்த்தார். எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தார்.

பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் யாரோ லிஃப்ட்டில் ஏறினார்கள். டம்ளர் தண்ணீரில் மெல்லிசாக ஒரு வளையம் எழுந்து விளிம்பில் போய் முட்டியது.

லிஃப்ட்டை நிறுத்த முடியாது, மேல் மாடியில் வேறு ஆபீஸ் இருக்கிறது, அவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தணிகைவேல் ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் ரஃபியா எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் தணிகைவேல் இன்னொரு முனையைப் பிடித்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சுகிர்தா ஓடி வந்தாள். கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த லோகநாயகி மாப்பைச் சாத்திவைத்துவிட்டு வந்தாள். நாலு பேருமாகத் தம் பிடித்து இழுத்தார்கள்.

மேசை சுவரைவிட்டு உள்ளங்கை அகலம் தள்ளி வந்தது.

லிஃப்ட் மறுபடி ஏறியது. தண்ணீர் அசையவில்லை.

ரஃபியா அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பையைத் தோளில் மாட்டினார்.

"அவ்வளவுதானா மேடம்?"

"இன்னிக்கு அவ்வளவுதான் சார்."

அன்றைக்குத்தான் தணிகைவேல் சீடரானார். அவருக்கே அது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கே வயதை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேதியியலில் முனைவர் பட்டம், அந்த ஊர்த் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவர், காதோரம் நரை. குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. நுட்பமான இயந்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் அவை உட்காரும் அறையைத் தயார் செய்து கொடுப்பதுதான் ரஃபியாவின் தொழில். அவர் சரி என்று தலையாட்டினால்தான் இயந்திரம் பெட்டியைவிட்டு வெளியே வரும். அந்த வேலையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வடக்கே வரிசையாகப் பட்டறைகள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறைகள். அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் ஒரு கிணறு. பிள்ளைகள் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார்கள். நேற்று படித்ததை இன்றைக்கு மறந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று தணிகைவேல் தம் பழைய கருவியில் பார்த்துச் சொன்னார்.

பட்டறைக்காரர்கள் சார்பில் வந்த வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த ஈயம் கிணத்துல இருந்து வந்ததா, உங்க ரூம்ல இருந்து வந்ததா?"

தணிகைவேலுக்கு வாயடைத்துப்போயிற்று. ஏனென்றால் அவர் அறையில் சுத்தமான தண்ணீரைப் பரிசோதித்தாலும் ஈயம் காட்டும். வக்கீல் சிரித்துக்கொண்டே போனார். பிள்ளைகள் அதே கிணற்றில் குடித்தார்கள்.

அந்தச் சிரிப்பு தணிகைவேலைத் தூங்கவிடவில்லை. அலையோ அலை என்று அலைந்து, பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பார்த்து, புது இயந்திரம் ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். ஒரு குளம் நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈயத்தைக் கரைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிற இயந்திரம்.

அதில்தான் சிக்கல். கிணற்றின் ஈயத்தைப் பார்க்கிற கண், அறையின் ஈயத்தையும் பார்க்கும். சுவரில் இருந்தால் பார்க்கும், காற்றில் இருந்தால் பார்க்கும். இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதோ அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் அறை.

அதற்கு ஒரு சோதனை உண்டு. காலி அறையில் அங்கங்கே கிண்ணங்களை வைத்து, அதிசுத்தமான தண்ணீரை ஊற்றி, மூடாமல் ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். பிறகு மூடி நகரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இதே மாதிரி இயந்திரம் அதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்.

மார்ச் முடிவதற்குள் ஒன்றுமில்லை என்று வந்தால் இயந்திரம் இந்த ஊருக்கு. வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் ஊருக்கு.

இரண்டாவது முறை வந்தபோது ரஃபியா ஏ.சி.க்கு எதிரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூல் ஆடியது. காற்று மேசைமேல் விழாமல் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பச் சொன்னார். நூல் ஆடாமல் தொங்கியதும் ஐந்து கிண்ணங்களை எடுத்து வைத்தார்.

மூன்றாவது கிண்ணம் கருங்கல் மேசையின் நடுவில். இயந்திரம் உட்காரப்போகிற இடம்.

ஒரு வாரம் கழித்துக் கிண்ணங்கள் போயின. பதில் வந்தது.

ஈயம்.

தணிகைவேல் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஜன்னல் இடுக்குகளை அடைத்தார். தரையை மறுபடி பூசினார். கதவின் பித்தளைப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டார். வாசலில் செருப்புத் தூசியைப் பிடித்துக்கொள்கிற பசை விரிப்பு வாங்கிப் போட்டார். இத்தனையும் செய்துவிட்டு, இன்னும் எது, இன்னும் எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

கண் லோகநாயகிமேல் போய் நின்றது.

லோகநாயகி வீடு வடக்கே. பட்டறைகளுக்குப் பின்னால்.

அவள் வந்ததும் பின்பக்கக் குழாயில் கைகால் முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் அறைக்குள் போவாள். அதெல்லாம் தணிகைவேலுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். இனிமேல் இந்த அறைப்பக்கம் வர வேண்டாம், கீழே கிடங்கைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். காரணத்தையும் சொன்னார். மறைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

லோகநாயகி மாப்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"என் மேல தூசி இருக்குங்கறீங்களா சார்? இல்ல, நானே தூசிங்கறீங்களா?"

தணிகைவேல் பதில் சொல்லவில்லை. அவள் மாப்பை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அன்று முதல் அறையை அவரே துடைத்தார். முனைவர் தணிகைவேல் முழங்காலிட்டு மூலை மூலையாகத் துடைப்பதைச் சுகிர்தா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். அவளுக்கு ஒருபக்கம் பெருமையாக இருக்கும், ஒருபக்கம் பாவமாக இருக்கும். நானும் வருகிறேன் சார் என்பாள். வேண்டாம், ஓர் ஆள் கூடினால் ஓர் ஆள் தூசி கூடும் என்பார்.

உள்ளே போவதற்கு அவர் வைத்திருந்த முறையைக் கேட்டால் கோவில் குருக்கள்கூட அசந்துபோவார். காலையில் தலைக்குக் குளிப்பார். முதல்நாள் தம் கையால் துவைத்துக் காயவைத்த வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போவார். சுருக்கம் ஒன்று இருக்கக்கூடாது என்று பக்கத்திலேயே நிற்பார். மொடமொட என்று, சூடு ஆறாமல் வாங்கி மாட்டிக்கொண்டு நேரே அறைக்கு வருவார்.

வந்து கிண்ணங்களைப் பார்ப்பார். இரண்டாவது தடவை வைத்த கிண்ணங்கள். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, தூசி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். காலையில் பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், வீட்டுக்குக் கிளம்பும்போது பார்ப்பார். பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோலத்தான்.

கிண்ணங்கள் போயின. பதில் வந்தது.

ஈயம். போன தடவையைவிட அதிகம்.

ரஃபியா வந்தபோது தணிகைவேல் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட கோட்டு மட்டும் நிமிர்ந்து இருந்தது, ஆள் தளர்ந்துபோயிருந்தார்.

தாம் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். தரை, ஜன்னல், பித்தளைப் பிடி, விரிப்பு, தினமும் தெருமுனையில் இஸ்திரி போட்டு மாட்டுகிற கோட்டு. லோகநாயகியைக் கீழே அனுப்பியதையும் சொன்னார். அவளை நிறுத்தின பிறகும் ஈயம் கூடியிருக்கிறதே, இது என்ன நியாயம் என்று கேட்டார். மார்ச் முடிய இன்னும் ஒரு சோதனைக்குத்தான் நாள் இருந்தது. வக்கீலின் சிரிப்பையும் சொன்னார்.

ரஃபியா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அஞ்சு கிண்ணத்துல நீங்க அதிகம் பார்த்துக்கிட்டது எது சார்?"

"மூணாவது. மிஷின் உட்கார்ற இடம் ஆச்சே."

"எப்படிப் பார்த்தீங்க? காட்டுங்க."

ரஃபியா பையிலிருந்து ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக் கருங்கல்மேல் வைத்தார். தணிகைவேல் எழுந்து போய், தினமும் குனிகிற மாதிரியே குனிந்தார். கோட்டின் இரண்டு முனைகளும் கிண்ணத்தின் இருபக்கமும் தொங்கின. கை கல்மேல் ஊன்றியிருந்தது.

"அதுலதான் சார் அதிகம்."

தணிகைவேல் நிமிரவில்லை.

குனிந்தபடியே இருந்தார். காலர் மூக்குக்கு அருகில் இருந்தது. புது இஸ்திரியின் வாசனை அடித்தது. அவருக்கு மிகவும் பிடித்த வாசனை அது. சூடு, கஞ்சி, கரி.

கரி.

மெதுவாகக் கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தார். உள்மடிப்பில், தையல் ஓரமாக, நரைத்த முடி நிறத்தில் ஒரு கோடு. விரலால் தேய்த்தார். சாம்பல்.

"காலையில பஸ்ஸ விட்டு இறங்கி உங்க இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துலதான் டீ குடிச்சேன்" என்றார் ரஃபியா. "இஸ்திரிக்காரர் பெட்டியில கரியோட பழைய ஜன்னல் கட்டையும் உடைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார். பச்சை பெயிண்ட் அடிச்ச கட்டை. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இல்லாம இருக்காது."

தணிகைவேல் கோட்டைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அறைக்கு வெளியே கொண்டுபோய்த் தரையில் போட்டார். திரும்பி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வந்த உடனே சொல்லியிருக்கலாமே மேடம். என்னை ஏன் குனியவெச்சீங்க?"

"சொல்லியிருந்தா கோட்டை மாத்தியிருப்பீங்க சார். கோட்டை மட்டும்தான் மாத்தியிருப்பீங்க."

தணிகைவேல் தரையில் கிடந்த கோட்டைத் தாண்டி நடந்தார். பிறகு மாடிப்படியில் இறங்கினார். லிஃப்ட் இருந்தது, அவருக்கு நினைவு வரவில்லை.

கிடங்கில் லோகநாயகி உடைந்த கண்ணாடிச் சாமான்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கோட்டு இல்லாமல் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

தணிகைவேல் சுற்றி வளைக்கவில்லை. ஈயம் தம் கோட்டில் இருந்தது என்றார். தினமும் தாமே சுமந்துகொண்டு போயிருக்கிறோம் என்றார். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதைச் சொன்னார். உன்னை நான் அவமானப்படுத்திவிட்டேன், மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னார்.

லோகநாயகி கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப வலிச்சுது சார். வீட்டுல போயிச் சொல்லக்கூட முடியல."

"தெரியும்மா."

"தெரியாது சார்."

தணிகைவேல் தலையாட்டினார். ஆமாம், தெரியாது என்றார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையை நீட்டினாள்.

"சாவி எங்க?"

மூன்றாவது சோதனைக்கு லோகநாயகி அறையைத் துடைத்தாள். சுகிர்தா கிண்ணங்களை வைத்தாள். கதவைச் சாத்தி, சாவியை லோகநாயகி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தணிகைவேல் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. துடைக்கும்போதுகூட இவ்வளவு களைத்ததில்லை. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். இழுத்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் நடப்பார். சுகிர்தா பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்துகொள்வாள்.

கிண்ணங்கள் போயின.

பதில் வந்தது. ஐந்து கிண்ணத்திலும் ஒன்றுமில்லை.

ரஃபியா சரி என்றார். தணிகைவேலின் ஊருக்கு இயந்திரம் வந்தது.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதைப் பார்க்க மேல் மாடி ஆபீஸ்காரர்கள்கூட வந்து நின்றார்கள். கம்பெனி ஆள் ஒருவர் வந்து நாள் கணக்கில் பூட்டினார். முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. முதலில் அதிசுத்தமான தண்ணீர். அது ஒன்றுமில்லை என்று வந்தால், அடுத்தது பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர்.

ஓடும்போது உள்ளே இரண்டு பேருக்குமேல் இருக்க வேண்டாம் என்று ரஃபியா சொல்லியிருந்தார். ஆள் உடம்பின் சூடு, மூச்சு, எல்லாம் அதற்குத் தெரியும்.

கம்பெனி ஆள் ஒருவர். இன்னொருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தூசி உதிராத புது அங்கி ஒன்று தணிகைவேலின் அளவுக்குத் தைத்து வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அலைந்து கொண்டுவந்த இயந்திரம். அவரை வாயடைக்கவைத்த கேள்வி. அவர் போகாமல் வேறு யார் போவது?

தணிகைவேல் அங்கியை எடுத்தார். துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு சுகிர்தாவிடம் நீட்டினார்.

"உனக்குப் பெருசாத்தான் இருக்கும். கையை மடிச்சு விட்டுக்கோ."

சுகிர்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் சார், நீங்கள்தான் போக வேண்டும் என்று மன்றாடினாள். இனிமேல் தினமும் இதை ஓட்டப்போகிறவள் நீதான், முதல் நாளும் உன் கையாலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அனுப்பிவிட்டு நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ரஃபியா. வாசலருகே லோகநாயகி.

கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. தணிகைவேல் உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் வழியாகச் சுகிர்தாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

நேரம் போனது. உள்ளேயிருந்து தேன்கூட்டு இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

சுகிர்தா திரும்பினாள். கதவைத் திறக்கக்கூடாது என்பதால் கண்ணாடிக்கு அருகில் வந்து வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

ஒன்றுமில்லை.

தணிகைவேல் மூச்சு விட்டார். லோகநாயகி மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

மறுபடி முதுகு. மறுபடி இரைச்சல். இந்தத் தடவை சுகிர்தா திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணாடி வழியாகத் தணிகைவேலைப் பார்த்து மெதுவாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

ஈயம். கிணற்றின் ஈயம். வேறு எங்கேயிருந்தும் வராத ஈயம். இனி எந்த வக்கீலும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நாளைக்கே கிணற்றை மூடச் சொல்லலாம்.

தணிகைவேல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். லோகநாயகியின் பேரன் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தணிகைவேல் நிமிர்ந்தார். அவருக்கு உள்ளே போக வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தடவை, ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.  ரஃபியா பக்கம் திரும்பினார். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனையோ ரூம் பண்ணியிருப்பீங்க மேடம். உள்ள மிஷின் முதல்ல ஓடறப்போ, பக்கத்துல நின்னு பார்க்க எப்படியிருக்கும்?"

"தெரியாது சார்" என்றார் ரஃபியா. "நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."